உங்க சைட்டுக்கு வர்ற போனெல்லாம் எப்படிப்பட்டதுன்னு ஒரு சார்ட் போட்டுப் பாருங்க, அப்புறம் டிசைன் பண்ணுங்க

ஆத்தங்குடியில ஒரு கல்லு பட்டறைக்கு வெப்சைட் பண்ணிக் கொடுத்தேன். கல்லுன்னா இங்க தரையில பதிக்கிற டைல்ஸ் தான். கண்ணாடி மேல அச்சை வச்சு ஒவ்வொரு கட்டத்துக்குள்ளயும் கலர் சிமெண்டை ஊத்தி, அச்சை மெதுவா தூக்கினா பூ அப்படியே நிக்கும் பாருங்க, அதைக் கிட்டக்க நின்னு போட்டோ எடுத்து பெருசு பெருசா போட்டிருந்தேன், என் லேப்டாப்ல அவ்ளோ அழகா இருந்துச்சு. ஒரு வாரத்துல பட்டறை அண்ணன் கூப்பிட்டாரு. "தம்பி, சிங்கப்பூர்ல நம்ம மச்சான் சைட்டு அருமையா இருக்குங்குறாரு, என் போன்ல பாதி கல்லு வெள்ளையாத்தான் வருது, கீழ தள்ளினா மறுபடி முதல்லேர்ந்து ஓடுது"ன்னாரு. நேர்ல போயி வாங்கிப் பாத்தேன், 2 ஜிபி ரேம் போன். அவரு சொன்னது அத்தனையும் உண்மை.

அன்னைலேர்ந்து எந்த சைட்டா இருந்தாலும் முதல்ல வர்ற போன்களைச் சார்ட்டா வரைஞ்சு பாத்துட்டுத்தான் டிசைன்ல கை வைக்கிறேன். எப்படின்னு சொல்றேன், கூகுள் ஷீட்ஸும் கொஞ்சம் ஜாவாஸ்க்ரிப்ட்டும் தெரிஞ்சா போதும்.

ஏற்கனவே சைட்டுல கூகுள் அனலிட்டிக்ஸ் 4 இருந்தா ரிப்போர்ட்ஸ்ல டெக், அதுல டெக் டீட்டெய்ல்ஸ் திறந்து, பிரவுசர்னு இருக்கிறத ஸ்க்ரீன் ரெசல்யூஷன்னு மாத்தி சிஎஸ்வி இறக்கிக்கங்க. 360 பெருக்கல் 800ன்னு எல்லாம் வரும், என் போன் 1080 ஆச்சேன்னு குழம்ப வேண்டாம், இது சிஎஸ்எஸ் பிக்சல் கணக்கு, அதாவது வெப் பக்கம் அளக்குற பிக்சல், அப்படி ஒரு பிக்சலோட அகலத்துல ஸ்க்ரீனோட நிஜப் பிக்சல் எத்தனைங்கிறதுதான் டிவைஸ் பிக்சல் ரேஷியோ, 1080ஐ அந்த ரேஷியோ 3ஆல வகுத்தா 360, நம்ம டிசைனுக்கு வேண்டியது இந்த நம்பர் தான். போன் மாடல் பேரை யூசர் ஏஜென்ட்லேர்ந்து, அதாவது பிரவுசர் தன்னைப் பத்தி சைட்டுக்கு அனுப்புற வரியிலேர்ந்து, பிரிச்சு எடுக்கலாம்னு நேரத்தை வீணாக்காதீங்க, 2023லேர்ந்து ஆண்ட்ராய்டு குரோம் மாடல் பேருக்குப் பதிலா 'K'ன்னு ஒரே ஒரு எழுத்தைத்தான் அனுப்புது.

ரேமும் நெட் வேகமும் அனலிட்டிக்ஸ் தானா தராது, நாமதான் சின்ன ஸ்க்ரிப்ட் எழுதணும். ஜாவாஸ்க்ரிப்ட்ல நேவிகேட்டர்ங்கிறது பிரவுசரைப் பத்தின தகவல் இருக்க இடம், அதுல டிவைஸ் மெமரின்னு ஒண்ணு இருக்கு, அது ரேமை ரவுண்ட் பண்ணி 2, 4, 8ன்னு இந்த மாதிரி சொல்லும். கனெக்‌ஷன்ல எஃபெக்டிவ் டைப்னு ஒண்ணு, அது ஸ்லோ 2ஜி, 2ஜி, 3ஜி, 4ஜின்னு நாலு பதில்ல ஒண்ணைத்தான் தரும், வீட்டு ஃபைபரா இருந்தாலும் 4ஜின்னு தான் சொல்லும், 5ஜின்னு தனியா கிடையாது. இதோட வியூபோர்ட் அகலம் (பிரவுசர்ல பக்கம் தெரியிற அகலம்), விசிட் வந்த நேரம், நாடு, இவ்ளோ போதும். பேரு, நம்பர், ஐபி எதையும் எடுக்காதீங்க, நமக்குத் தேவையும் இல்ல.

ஸ்க்ரிப்ட் எடுத்ததை விசிட்டுக்கு ஒரு வரியா ஷீட்ல சேத்தாச்சுன்னு வைங்க. உடனே எல்லாரும் பண்றது ஆவரேஜ் போடுறது, தயவுசெஞ்சு பண்ணாதீங்க. ஒரு உதாரணத்துக்கு 10 பேர் 360 அகலம், 2 பேர் 1920 அகலம்னு வைங்க, ஆவரேஜ் 620 வரும், 620 அகலத்துல ஸ்க்ரீன் வச்சிருக்கவங்க அந்தப் பன்னெண்டு பேர்ல ஒருத்தர் கூட இல்ல! பை சார்ட்டும் வேண்டாம், நாப்பது சைஸை நாப்பது துண்டா வெட்டினா கண்ணுக்கு ஒண்ணும் புரியாது. ஸ்கேட்டர் சார்ட் போடுங்க, ஒரு விசிட்டுக்கு ஒரு புள்ளி, படுக்கை அச்சுல அகலம், செங்குத்து அச்சுல ரேம்.

முதல் தடவை போட்டப்ப எனக்கு மொத்தமே பத்துப் பதினஞ்சு புள்ளிதான் தெரிஞ்சுச்சு, ஏன்னா 360ல 4 ஜிபி உள்ள அத்தனை பேரும் ஒரே இடத்துல ஒண்ணு மேல ஒண்ணா உக்காந்துட்டாங்க. அதுக்கு ஜிட்டர்னு ஒரு வழி இருக்கு, பக்கத்துல புது காலம் (மேலிருந்து கீழ் போற நெடுவரிசை) போட்டு அகலத்தோட ரேண்ட்பிட்வீன் ஃபார்முலாவால மைனஸ் 4லேர்ந்து பிளஸ் 4 வரைக்கும் ஏதோ ஒரு நம்பரைக் கூட்டி அந்தக் காலத்தை வரைங்க, ரேமுக்கும் அதே மாதிரி கொஞ்சம் தசமத்துல அசைச்சு விடுங்க, புள்ளியோட கலரையும் கொஞ்சம் ஊடுருவித் தெரியிற மாதிரி மங்கலாக்கி விடுங்க. இப்பத்தான் எங்க கூட்டம் எங்க காலின்னு தெரியும்.

இன்னொரு தப்பும் பண்ணினேன், இது முக்கியம். ஐபோன் சஃபாரியும் ஃபயர்ஃபாக்ஸும் ரேம் எவ்ளோன்னு சொல்லாது, காலியா தான் வரும். என் ஸ்க்ரிப்ட் அந்தக் காலியை 0ன்னு எழுதிடுச்சு, சார்ட்ல பாத்தா ஐபோன் எல்லாம் அடிமட்டத்துல கிடக்குது, அதை நம்பி ரெண்டு நாள் தப்பான பக்கம் யோசிச்சிட்டிருந்தேன். தெரியாதவங்களை தெரியலைன்னே தனி வரிசையா மேல ஒரு கோட்டுல வைங்க, பூஜ்யத்துல தள்ளாதீங்க.

அடுத்து நாட்டு வாரியா கலர் கொடுங்க. நம்ம செட்டிநாட்டுப் பக்கம் சைட்டுக்கு இது ரொம்பவே தேவை, ஏன்னா காரைக்குடி, தேவகோட்டையிலேர்ந்து பாக்குறவங்களும் சிங்கப்பூர், மலேசியாவுலேர்ந்து பாக்குற சொந்தக்காரங்களும் ஒரே பக்கத்துக்குத்தான் வர்றாங்க. பட்டறை சைட்ல கலர் கொடுத்ததும் ரெண்டு கூட்டமா பிரிஞ்சு நின்னுச்சு, கல்லைத் தேர்வு பண்றது வெளியூர்ல, ஆனா பட்டறைக்கு வந்து ஒத்தைக் கல்லைக் கையில தூக்கிப் பாத்து ஆர்டர் முடிக்கிறது இங்க இருக்க கொத்தனாரும் பெரியப்பாவும் தான். இங்க உள்ள புள்ளிகள்ல பல இடது கீழ் மூலையில, அதாவது அகலமும் கம்மி ரேமும் கம்மிங்கிற இடத்துல இருந்துச்சு. சிவப்பு பச்சை மட்டும் வச்சு பிரிக்காதீங்க, அந்த ரெண்டையும் பிரிச்சுப் பாக்க முடியாதவங்க இருக்காங்க, நீலமும் ஆரஞ்சும் நல்லா தெரியும்.

சார்ட்டை எப்படி டிசைனா மாத்துறது? ரெண்டு இடத்தைப் பாருங்க. ஒண்ணு, புள்ளி இல்லாத காலி இடம். போனெல்லாம் பெரும்பாலும் 360லேர்ந்து 440க்குள்ள நிக்கும், டேப்லெட் பெரும்பாலும் 768 பக்கம் ஆரம்பிக்கும், நடுவுல உள்ள காலியில, ஒரு 600 கிட்ட பிரேக்பாயிண்ட் (பக்கத்தோட அமைப்பு மாறுற அகலம்) வச்சா அனேகமா யாரோட ஸ்க்ரீனும் ரெண்டுங்கெட்டானா மாட்டாது. ஐபோனுக்கு ஒண்ணு சாம்சங்குக்கு ஒண்ணுன்னு மாடல் பேரை வச்சு பிரேக்பாயிண்ட் போட வேண்டாம். ரெண்டாவது, அந்த இடது கீழ் மூலை. பக்கம் எவ்ளோ கனமா இருக்கலாம்னு முடிவு பண்ண வேண்டியது அவங்கதான்.

கனம்னா ஃபைல் சைஸ் மட்டும் இல்ல, இதைத்தான் நான் அன்னைக்கு கத்துக்கிட்டேன். 4000க்கு 3000 பிக்சல் போட்டோ ஃபைலா 3 எம்பி தான் இருக்கும், ஆனா ஸ்க்ரீன்ல காட்ட முழு அளவுல விரிச்சா ஒரு பிக்சலுக்கு 4 பைட், மொத்தம் 48 எம்பி ரேம். நான் போட்டது 20 கல்லு, 960 எம்பி! 2 ஜிபி போன் என்ன பண்ணும் பாவம், பக்கத்தையே மூடிட்டு திரும்ப லோடு பண்ணுது. அதே போட்டோவை 720க்கு 540 ஆக்கினா ஒண்ணுக்கு சுமார் 1.6 எம்பி தான், 360 அகல ஸ்க்ரீன்ல ரெண்டு மடங்கு தெளிவும் இருக்கு. எஸ்ஆர்சிசெட்ல (ஒரே படத்தைப் பல அளவுல கொடுத்து பிரவுசரையே பொறுக்க விடுறது) ரெண்டு மூணு அளவு கொடுத்து, லேஸி லோடிங்கும் (படம் கண்ணுக்கு வரப் போறப்ப மட்டும் இறக்குறது) போட்டுட்டா பெரிய ஸ்க்ரீனுக்குப் பெரிய படம், சின்ன ஸ்க்ரீனுக்குச் சின்னது.

நெட் வேகத்துக்கு ஸ்கேட்டர் வேண்டாம், மணி நேரத்தை வரிசையாவும் நெட் டைப்பை காலமாவும் வச்சு ஒரு டேபிள், கண்டிஷனல் ஃபார்மேட்டிங்ல கலர் ஸ்கேல், அவ்ளோதான். எந்த நேரத்துல 3ஜி கட்டம் கருக்குதுன்னு பளிச்னு தெரியும். பெரிய வீட்டுல முகப்புல நிக்கிறப்ப இருக்க சிக்னல் வளவு (உள்முற்றம்) தாண்டி ரெண்டாங்கட்டுக்கு, அதாவது வீட்டோட உள்பகுதிக்குப் போனா இருக்காது, அந்தத் தடிச் சுவருக்குள்ள உக்காந்துதான் ஆச்சி போன் பாப்பாங்க, அதையும் மனசுல வைங்க.

எல்லாம் மாத்தின பிறகு குரோம் டெவ்டூல்ஸ்ல (குரோமுக்குள்ளயே இருக்க சோதனைக் கருவி) சிபியு வேகத்தையும் நெட் வேகத்தையும் குறைச்சு ஒரு தடவை ஓட்டிப் பாருங்க, ஆனா அதோட விட்டுடாதீங்க, அந்த மூலையில இருக்க போன் ஒண்ணை நிஜமா கையில வாங்கிப் பாருங்க. நான் அந்த அண்ணன் போனையே வாங்கி, கல்லு காயப்போட்டிருந்த முற்றத்துல நல்ல வெயில்ல நின்னு திறந்தேன். இருபது கல்லும் வந்துச்சு. வெளிர் சாம்பல்ல எழுதியிருந்த அளவும் விலையும் மட்டும் வெயில்ல தெரியல, அன்னைக்கு ராத்திரியே அதைக் கருப்பா மாத்திட்டேன்.