கல்லுப்பும் ஐஸும் போதும், பால் உறைந்துவிடும்

யாழ்ப்பாணத்து வெயிலில் வெளியே தண்ணீர் உறைந்து நாம் பார்த்ததில்லை. கனடாவில் இருக்கும் சொந்தக்காரர் "ரோட்டுக்கு உப்புப் போடுகிறார்கள்" என்று சொல்லும்போது அது எதற்கு என்று எனக்கும் புரியாமல்தான் இருந்தது. ஒருநாள் வீட்டில் ஐஸ்கிறீம் செய்து பார்த்தபோது விளங்கிவிட்டது.

முதலில் அரைக் கிலோ ஐஸை உடைத்துக்கொள்ளுங்கள். மீன் சந்தை ஐஸும் சரி, அது பாலைத் தொடப்போவதில்லை. 200 மில்லிலீற்றர் காய்ச்சி ஆறவைத்த பாலில் இரண்டு மேசைக்கரண்டி சீனியைக் கரைத்து, சின்னப் பையில் ஊற்றி, காற்றை வெளியேற்றி இறுக்கமாக மூடுங்கள்.

அடுத்து, பெரிய பையில் ஐஸைப் போட்டு 150 கிராம் கல்லுப்பைத் தூவுங்கள். ஆனையிறவு உப்பு கிடைத்தால் நல்லது. பால் பையை அதற்குள் வைத்து மூடி, துவாயால் சுற்றி 10 முதல் 15 நிமிடம் குலுக்குங்கள். துவாய் கட்டாயம் வேண்டும், வெறுங்கையால் பிடித்தால் தோல் புண்ணாகிவிடும்.

உப்பு இல்லாமலும் ஒருமுறை செய்து பாருங்கள். எவ்வளவு குலுக்கினாலும் பால் உறையாது. ஏனென்றால் பால் உறைவதே -0.5 பாகை செல்சியஸ் அளவில்தான், அதில் சீனியும் கரைந்தால் இன்னும் கீழே போகும். உருகும் ஐஸோ 0 பாகையிலேயே நிற்கும்.

உப்பு என்ன செய்கிறது? அது தானாகக் குளிரைக் கொண்டுவருவதில்லை. 0 பாகையில் ஐஸிலிருந்து தண்ணீருக்குப் போகும் மூலக்கூறுகளும் திரும்பி வந்து ஒட்டுபவையும் சம அளவில் இருக்கும். தண்ணீரில் உப்புக் கரைந்தால் திரும்பி வருபவை குறையும். போவது மட்டும் அப்படியே தொடரும், ஐஸ் உருகும். உருகுவதற்கு வேண்டிய வெப்பத்தைப் பாலிலிருந்தும் அந்த ஐஸிலிருந்துமே எடுத்துக்கொள்ளும். அதனால்தான் பை முழுக்க 0 பாகைக்குக் கீழே இறங்குகிறது. உப்புத் தண்ணீர் அதிகபட்சம் -21 பாகை வரை உறையாமல் தாக்குப்பிடிக்கும். அதற்கு ஐஸும் உப்பும் சேர்ந்த எடையில் ஏறத்தாழ 23 சதவீதம் உப்பு வேண்டும், நாம் எடுத்த 150 கிராம் அந்தக் கணக்குத்தான். கனடாவில் ரோட்டுக்கு உப்புப் போடுவதும் இதற்குத்தான், 0 பாகைக்குக் கீழேயும் ஐஸ் உருகிவிடும்.

சீனியும் இதே வேலையைச் செய்யும். ஆனால் கணக்கு எடையில் இல்லை, கரைந்த துணிக்கைகளின் எண்ணிக்கையில் இருக்கிறது. உப்பு கரைந்தால் இரண்டு அயன்களாக, அதாவது மின்னேற்றமுள்ள இரண்டு துணிக்கைகளாகப் பிரியும், சீனி பிரியாது. அதன் மூலக்கூறும் பெரியது. ஆகவே ஒரே எடைக்கு உப்புக்குத்தான் பலம் அதிகம்.

பால் கெட்டியானதும் சின்னப் பையை வெளியே எடுத்து, தண்ணீரில் அலசிவிட்டுத் திறவுங்கள். நான் முதல்முறை அலசாமல் திறந்து, முழுவதும் உப்புக்கரித்துப் போனது.

மிஞ்சிய உப்புத் தண்ணீரைக் கிணற்றடி வாழைக்கு ஊற்றிவிடாதீர்கள்.