பாண்டமிக் நேரத்துல வெளிநாட்டுல இங்கிலீஷ் டீச்சரா இருக்கீங்களா? முதல்ல விசாவ எடுத்துப் படிங்க

கொரோனா மாதிரி உலகம் முழுக்க பரவுற தொற்று, அதாவது பாண்டமிக் வந்தா மாஸ்க் போடு, கைய கழுவுன்னு யார் வேணாலும் சொல்லுவாங்க, அதனால அதுக்குள்ள நான் போகல. வெளிநாட்டுல இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்கறவங்களுக்கு வேலை, தங்குற வீடு, அந்த நாட்டுல இருக்கறதுக்கான அனுமதி மூணுமே பெரும்பாலும் ஒரே ஸ்கூல் கையில மாட்டியிருக்கும், ஸ்கூல இழுத்து மூடுனா மூணும் சேர்ந்து ஆட்டம் காணும். அதனால இன்னைக்கே விசா பேப்பர எடுத்து வெச்சு நாலு விஷயம் பாத்துக்கோங்க: ஸ்பான்சர் (உங்க விசாவுக்குப் பொறுப்பேத்துக்கிட்டவங்க) யாரு, வேலை போச்சுன்னா எத்தனை நாள் அங்க இருக்கலாம், வேற ஸ்கூலுக்கு மாத்திக்க முடியுமா, நாட்ட விட்டு வெளிய போனா திரும்ப உள்ள விடுவாங்களா.

இந்த நாலாவது கேள்விய நிறைய பேர் கண்டுக்கவே மாட்டாங்க. 2020ல கொரோனா வந்தப்ப என்னாச்சு, சீனாவுல புத்தாண்டு லீவுக்கு வெளிய போன டீச்சருங்க நிறைய பேர் அப்படியே வெளியவே நின்னுட்டாங்க, ஏன்னா மார்ச் 28லேர்ந்து செல்லுபடியாகுற விசா, ரெசிடென்ஸ் பெர்மிட் கையில இருந்தாலும் வெளிநாட்டுக்காரங்களுக்கு உள்ள இடம் இல்லன்னு சொல்லிட்டாங்க. வியட்நாம் அதுக்கு முன்னாடியே மார்ச் 22ல கதவ சாத்திடுச்சு. ஜப்பான் இன்னும் மோசம், ஏப்ரல்ல ஒரு லிஸ்ட் போட்டு அந்த நாடுகளுக்குப் போனவங்க நிரந்தரமா குடியிருக்கறவங்களா இருந்தாலும் மாசக்கணக்குல திரும்ப வர முடியாம பண்ணிட்டாங்க. ஜப்பான் பாஸ்போர்ட் வெச்சிருந்தவங்க டெஸ்ட், குவாரண்டைன்னு முடிச்சுட்டு திரும்ப உள்ள வர முடிஞ்சுது. அதனால தொற்று பரவுதுன்னு நியூஸ் வந்தா "ஒரு வாரம் பக்கத்து நாட்டுக்குப் போயிட்டு வந்துடலாம்"ங்கற நினைப்ப விட்டுடுங்க. போறதா இருந்தா மொத்தமா போங்க, இல்லன்னா இருக்குற இடத்துல இருங்க.

அடுத்தது கான்ட்ராக்ட். ஸ்கூல் மூடினா சம்பளம் உண்டா, பாதியா, சுத்தமா கிடையாதா? ஆன்லைன் கிளாஸ்னா மணிக்கணக்கு எப்படி, தயார் பண்ற நேரத்துக்கு காசு உண்டா, குவாரண்டைன் ஹோட்டல் பில்லு யார் தலையில? இதெல்லாம் வாயால கேட்டா "பாத்துக்கலாம் சார்", "ஒண்ணும் கவலப்படாதீங்க மேடம்"னு சிரிச்சுட்டே சொல்லிடுவாங்க. மெயில்ல கேளுங்க, பதில சேவ் பண்ணி வைங்க. அரசு ஸ்கூல விட ப்ரைவேட் டியூஷன் சென்டர்லதான் இந்த விஷயத்துல ஜாக்கிரதையா இருக்கணும், அவங்களுக்கு பசங்க ஃபீஸ் நின்ன மாசமே உங்க சம்பளமும் தள்ளாடும்.

காச பொறுத்தவரைக்கும் மூணு மாச செலவும் ஒரு ஒன்வே டிக்கெட் காசும் தனியா இருக்கட்டும், அதத் தொடாதீங்க. இன்சூரன்ஸ்ல பாண்டமிக்க விலக்கி வெச்சிருக்காங்களான்னு சின்ன எழுத்துல தேடிப் பாருங்க, பரவ ஆரம்பிச்சதுக்கு அப்புறம் வாங்குற பாலிசி அதுக்கு உதவாம போறது சகஜம். தினமும் மாத்திரை சாப்பிடுறவங்க பிராண்டு பேர நம்பாதீங்க, நாட்டுக்கு நாடு மாறும், உள்ள இருக்குற மருந்தோட பேர டாக்டர் லெட்டர்ல எழுதி வாங்கி வெச்சுக்கோங்க.

இப்ப கிளாசுக்கு வருவோம். மாஸ்க் போட்டு இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்கறது தனி வித்தை. 'ஃபேன்', 'வேன்' ரெண்டுக்கும் கீழ் உதட்டுல பல்லு படுறத பாத்துதான் பசங்க புடிச்சுக்குவாங்க, 'திங்க்'குன்னா நாக்கு நுனி பல்லுக்கு நடுவுல வர்றத பாக்கணும், மாஸ்க் போட்டா இது எதுவுமே தெரியாது, வார்த்தை கடைசியில வர்ற 'ஸ்', 'ட்' எல்லாம் துணிக்குள்ளயே அமுங்கிடும். அதனால ரூம்ல தனியா உக்காந்து மாஸ்க் இல்லாம வாய மட்டும் க்ளோஸப்ல ஒரு பத்து செகண்ட் வீடியோ எடுத்து வெச்சு கிளாஸ்ல ஓட விடுங்க. கத்திப் பேசாதீங்க, தொண்டை ஒரே வாரத்துல போயிடும், மெதுவா பேசி போர்டுல எழுதுங்க.

ஆன்லைன்ல முதல்ல அடி வாங்குறது கோரஸ். கிளாஸ்ல "எல்லாரும் சொல்லுங்க"ன்னா ஒரே குரலா வரும், ஜூம்ல ஒவ்வொருத்தர் நெட் ஒவ்வொரு வேகத்துல வந்து சந்தைக்கடை மாதிரி ஆயிடும். எல்லாரையும் மியூட் பண்ணிட்டு அவங்கவங்க வீட்டுல சத்தமா சொல்லச் சொல்லுங்க, நீங்க உதட்ட மட்டும் கவனிங்க, அப்புறம் ரெண்டு பேர மட்டும் அன்மியூட் பண்ணிக் கேளுங்க. "புரிஞ்சுதா?"ன்னு கேக்கவே கேக்காதீங்க, மொத்த கிளாசும் தலைய ஆட்டும், அதுக்கு பதிலா "முதல்ல என்ன செய்யப் போற?"ன்னு ஒரு புள்ளைய பேர் சொல்லிக் கேளுங்க. சாட்ல பதில் டைப் பண்ண வெச்சா நான் சொல்ற வரைக்கும் அனுப்பாதீங்கன்னு சொல்லிடுங்க, இல்லன்னா வேகமா டைப் பண்ற ஒருத்தன பாத்து மத்தவங்க காப்பி அடிச்சுடுவாங்க. ப்ரேக்அவுட் ரூம்ல (ஜூம்லயே பசங்கள சின்னச் சின்ன குழுவா பிரிச்சு விடுற ரூம்) வேலைய எழுதிக் குடுக்காம அனுப்புனீங்கன்னா உள்ள மயான அமைதிதான். கேமரா ஆஃப் பண்ற பசங்கள வற்புறுத்தாதீங்க, ஒரே ரூம்ல மொத்த குடும்பமும் இருக்குற வீடா இருக்கலாம், கூச்சப்படும். பாதி பேர் கிளாஸ்ல, பாதி பேர் ஸ்க்ரீன்லன்னு ஒரு ஏற்பாடு வரும் பாருங்க, அதத்தான் நான் எல்லாத்தையும் விட வெறுக்கறேன். முடிஞ்சா ஸ்க்ரீன்ல இருக்குற புள்ளைக்கு கிளாஸ்ல ஒரு ஜோடி போட்டு விடுங்க, நீங்க ஒருத்தரே ரெண்டு பக்கமும் ஓடாதீங்க.

வேலை போனா வெளியூர்லேர்ந்தே ஆன்லைன்ல கிளாஸ் எடுத்துக்கலாம்னு முழுசா நம்பி உக்காராதீங்க, 2021 ஜூலைல சீனா, சீனாவுக்கு வெளிய இருக்குற வெளிநாட்டு டீச்சருங்கள வெச்சு பசங்களுக்கு ட்யூஷன் நடத்தக்கூடாதுன்னு சொன்னதும் அந்த வருமானத்துல இருந்தவங்க பாடு திண்டாட்டமாச்சு.

தினசரி வாழ்க்கைல பெரிய தலைவலி அறிவிப்புங்க, எல்லாம் அந்த ஊர் பாஷைலதான் வரும், ஃபோன்ல எமர்ஜென்சி மெசேஜ் அலறும், என்னன்னு தெரியாம முழிப்பீங்க. கூட வேலை பாக்குற உள்ளூர் டீச்சர் ஒருத்தர்கிட்ட நல்லா பழகி வைங்க. வெளிநாட்டுக்காரங்க குரூப்புல வர்ற ஃபார்வர்ட நம்பி டிக்கெட் போட்டுடாதீங்க, பாதி வதந்தி. உங்க நாட்டு எம்பசில பேர பதிஞ்சுடுங்க, சிறப்பு விமானம் விட்டா அந்த லிஸ்டத்தான் முதல்ல தேடுவாங்க. வெளிநாட்டு மூஞ்சின்னு பாத்து லிஃப்ட்ல ஏறாம நிக்கிற ஆளுங்களும் இருப்பாங்க, சண்டைக்குப் போகாதீங்க, வீட்டு ஓனர் வெளிய போகச் சொன்னா மட்டும் உடனே ஸ்கூலுக்கும் எம்பசிக்கும் சொல்லுங்க.

கிளம்பிடலாம்னு முடிவு பண்ணிட்டா, அவசரத்துல பெட்டிய மட்டும் கட்டிட்டு ஓடாதீங்க. எக்ஸ்பீரியன்ஸ் லெட்டர், வேற ஸ்கூலுக்கு மாத்திக்க வேண்டிய ரிலீஸ் லெட்டர், கடைசி மாச சம்பளக் கணக்கு மூணையும் கையெழுத்தோட வாங்குங்க. அந்த நாட்டு போலீஸ் கிளியரன்ஸயும் அங்க இருக்கும்போதே வாங்கிடுங்க, அடுத்த நாட்டுல டீச்சர் வேலைக்கு பெரும்பாலும் கேப்பாங்க, எம்பசியும் கூரியரும் மூடிக் கிடக்குற நேரத்துல தூரத்துல இருந்து அத வாங்குறதுக்குள்ள வேலையே கைய விட்டுப் போயிடும்.