ஆபீஸ் கம்ப்யூட்டர் எல்லாத்துக்கும் அப்டேட் அனுப்புறதும் ரிப்போர்ட் படிக்கிறதும் – புதுசா ஆரம்பிக்கிறவங்களுக்கு

பத்து மெஷின்னா நேர்ல போயி ஒவ்வொண்ணா அப்டேட் போட்டுடலாம், இருநூறுன்னா முடியாது, ஒரே இடத்துல இருந்து அனுப்பணும், யாருக்குப் போச்சு யாருக்குப் போகலன்னும் தெரியணும். விண்டோஸ் சர்வர்ல இதுக்குன்னே டபிள்யூசஸ் (விண்டோஸ் சர்வர் அப்டேட் சர்வீசஸ்) இருக்கு. 2024 செப்டம்பர்ல மைக்ரோசாஃப்ட் இதுல இனி புது வசதி எதுவும் சேர்க்க மாட்டோம்னு சொல்லிட்டாங்க, ஆனாலும் வேலை செய்யுது, இதுல கத்துக்கிற குரூப், அப்ரூவல், ரிப்போர்ட் மூணும் நாளைக்கு மைக்ரோசாஃப்டோட கிளவுட் சேவையான இன்ட்யூனுக்கு மாறினாலும் உதவும்.

1. சர்வர் மேனேஜர்ல டபிள்யூசஸ் ரோல் சேர்த்துட்டு ஸின்க் பண்ணுங்க, அதாவது மைக்ரோசாஃப்ட்கிட்ட இருந்து அப்டேட் லிஸ்ட்ட எடுத்துக்கச் சொல்லுங்க. ப்ராடக்ட்ஸ் லிஸ்ட்ல உங்ககிட்ட நிஜமா இருக்கிறத மட்டும் டிக் பண்ணுங்க, டிரைவர்ஸ் வேண்டவே வேண்டாம், டிஸ்க் நிறைஞ்சிடும்.

2. மூணு குரூப் போடுங்க: டெஸ்ட், பைலட், மத்தவங்க. பைலட்ல ஐடி ஆளுங்க மெஷினா மட்டும் போட்டா பிரயோஜனம் இல்ல, ஒவ்வொரு டிபார்ட்மென்ட்லயும் ரெண்டு பேர் வேணும், முக்கியமா பழைய பிரின்டரையும் பழைய சாப்ட்வேரையும் வச்சிருக்கிறவங்க.

3. குரூப் பாலிசில (எல்லா மெஷினுக்கும் ஒரே இடத்துல இருந்து செட்டிங் கொடுக்கிற இடம்) விண்டோஸ் அப்டேட் பகுதிக்குப் போயி இன்ட்ராநெட் அப்டேட் சர்வர் அட்ரஸ் கொடுங்க, போர்ட் 8530, எச்டிடிபிஎஸ்னா 8531. அங்க ஸ்டேடிஸ்டிக்ஸ் சர்வர்னு இன்னொரு பெட்டி இருக்கும், மெஷின் தன் நிலவரத்த அங்கதான் அனுப்பும், அதுலயும் இதே அட்ரஸ் போடுங்க.

4. மாசத்தோட ரெண்டாவது செவ்வாய்க்கிழமை மைக்ரோசாஃப்ட் அப்டேட் வரும். முதல்ல டெஸ்ட், அடுத்த நாள் பைலட், மூணு நாலு நாள் பாத்துட்டு மத்தவங்களுக்கு டெட்லைன் வச்சு அப்ரூவ் பண்ணுங்க. எல்லாருக்கும் ஒரே நேரத்துல அனுப்பினா என்ன ஆகும்ங்கறதுக்கு 2024 ஜூலை 19 போதும், க்ரவுட்ஸ்ட்ரைக்ங்கற செக்யூரிட்டி கம்பெனியோட ஒரே ஒரு தப்பான அப்டேட்ல சுமார் 85 லட்சம் விண்டோஸ் மெஷின் படுத்துச்சு. அதுக்காக தள்ளிப்போட்டுக்கிட்டே இருக்கவும் கூடாது, ஃபைல பூட்டி வச்சு காசு கேக்கிற வான்னாக்ரை வைரஸ் 2017 மே 12ல பரவுச்சு, அது நுழைஞ்ச ஓட்டைய அடைக்கிற அப்டேட் (பேட்ச்) மார்ச் 14லயே வந்துடுச்சு, ரெண்டு மாசம் போடாம இருந்தவங்கதான் மாட்டினாங்க.

5. இப்ப ரிப்போர்ட், நான் ரொம்ப நேரம் செலவு பண்றது இங்கதான். மைக்ரோசாஃப்டோட ரிப்போர்ட் வியூவர் 2012ங்கற சாப்ட்வேர போட்டாதான் ரிப்போர்ட் பக்கம் திறக்கும். மெஷினுக்கு நேரா இன்ஸ்டால்டு (போட்டாச்சு), நீடட் (இன்னும் போடணும்), ஃபெயில்டு (போட முடியல), நோ ஸ்டேட்டஸ் (தகவலே வரல)னு வரும். எல்லாரும் ஃபெயில்டு பின்னாடி ஓடுவாங்க, நான் நோ ஸ்டேட்டஸ்லதான் ஆரம்பிப்பேன், ஏன்னா ஃபெயில் ஆன மெஷின் உங்ககிட்ட பேசிட்டுதான் இருக்கு, பேசாத மெஷின்ல என்ன நடக்குதுன்னு யாருக்கும் தெரியாது.

அதவிட மோசம் லிஸ்ட்லயே வராத மெஷின். முன்னாடி வேலை பார்த்த இடத்துல 98 சதவீதம் முடிஞ்சதுன்னு ரிப்போர்ட் கொடுத்துட்டேன், அப்புறம் ஆபீஸ் நெட்வொர்க்ல சேர்த்த மெஷின் பேரெல்லாம் இருக்கிற ஆக்டிவ் டைரக்டரி லிஸ்ட்டோட ஒப்பிட்டா 14 மெஷின் காணோம். எல்லாமே ஒரே இமேஜ்ல இருந்து க்ளோன் பண்ணது, அதாவது ஒரு மெஷின்ல போட்ட விண்டோஸ அப்படியே நகல் எடுத்தது, அதனால எல்லாத்துக்கும் ஒரே சஸ் கிளையன்ட் ஐடி (டபிள்யூசஸ் மெஷின அடையாளம் பாக்கிற எண்), அதனால கன்சோல்ல ஒண்ணு வந்தா இன்னொண்ணு மறையுது. விண்டோஸ் அப்டேட் சர்வீஸ நிறுத்திட்டு, ரெஜிஸ்ட்ரில (விண்டோஸ் தன் செட்டிங்ஸ வச்சிருக்கிற இடம்) அந்த ஐடிய அழிச்சிட்டு, திரும்ப ஸ்டார்ட் பண்ணுங்க, அடுத்த தடவ சர்வர்கிட்ட பேசும்போது புது ஐடி எடுத்துக்கும்.

அதனால சதவீதத்த டபிள்யூசஸ் காட்டுற எண்ணிக்கைய வச்சு போடாதீங்க, கையில இருக்கிற மொத்த மெஷின் எண்ணிக்கைய வச்சு போடுங்க.

6. மேனேஜருக்கு நாலு எண் போதும்: மொத்தம், முடிஞ்சது, ஃபெயில் ஆனது, ஏழு நாளா பேசாதது. கடைசி எண்ணுக்குக் கீழ மட்டும் மெஷின் பேரையும் அது யார்கிட்ட இருக்குங்கறதையும் எழுதுங்க, பாதி லேப்டாப் பையிலயே மூடிக் கிடக்கும், ஒரு போன் பண்ணி ஆன் பண்ணச் சொன்னாலே அன்னைக்கு சாயங்காலம் லிஸ்ட் பாதியாகிடும்.