ஆஸ்லோவில் மூன்று நாள்: செலவைக் குறைத்த விதம்

நார்வேயின் தலைநகரான ஆஸ்லோவுக்குப் போக முதலில் போட்ட கணக்கில் ஓட்டல் சாப்பாடும் டாக்ஸியுமே பணத்தை விழுங்கின. பயணமே வேண்டாம் என்று தோன்றியது. அப்புறம் திட்டத்தையே மாற்றினேன். விமான நிலையத்திலிருந்து எக்ஸ்பிரஸை விட்டுவிட்டுச் சாதாரண ரயிலில் வந்தேன். கட்டணம் ஏறக்குறைய பாதிதான். 24 மணி நேர நகரப் பயணச்சீட்டில் டிராம், பஸ், மெட்ரோவோடு தீவுப் படகும் அடக்கம். பெரிய லாபம் இதுதான். ஹோவெடோயா தீவில், 1147இல் தொடங்கிய மடத்தின் இடிந்த சுவரில் சாய்ந்துகொண்டு, சூப்பர்மார்க்கெட்டில் வாங்கிய ரொட்டியில் பழுப்புச் சீஸைச் சீவி வைத்துச் சாப்பிட்டேன். திரட்டுப்பால் போல ஒரு தித்திப்பு! தண்ணீர் குழாயில் பிடித்ததுதான், அவ்வளவு சுத்தம். விகெலாண்ட் சிலைப் பூங்காவுக்குக் கட்டணம் கிடையாது. ஓப்பரா மாளிகையின் கூரைமேல் ஏறி நடப்பதும் இலவசம். கடைசி மாலை அந்த வெள்ளைப் பளிங்குச் சரிவில் உட்கார்ந்து, ஃபியோர்டை, அதாவது நிலத்துக்குள் நீளும் கடல் கழியைப் பார்த்தபடி மீதி ரொட்டியை முடித்தேன்.