திறந்த போர்ட், ஷெர்ரி பாட்டில் எத்தனை நாள் தாங்கும்?

திராட்சையிலிருந்து வடித்த கடும் மதுவான ஸ்பிரிட்டைச் சேர்த்து ஆல்கஹாலை 15 முதல் 22 சதவீதம் வரை ஏற்றியிருப்பதால், போர்ட், ஷெர்ரி போன்ற வைன்கள் கெடவே கெடாது என்று நினைத்துவிட வேண்டாம். ஃபினோ ஷெர்ரிக்குத்தான் ஆயுள் குறைவு. பீப்பாயில் ஈஸ்ட் படலத்துக்கு அடியில் காற்றுப் படாமலேயே முதிர்வது அது. திறந்ததும் ஃபிரிட்ஜில் வைத்து ஒரு வாரத்துக்குள் முடித்துவிடுங்கள். ரூபி போர்ட் இரண்டு மூன்று வாரம் வரும். மரப்பீப்பாயில் ஆண்டுக்கணக்கில் காற்றோடு பழகிய டானி போர்ட், ஒரு மாதத்துக்கு மேலும் தாங்கும். இதே வகை வைனான மடெய்ராவோ தயாரிப்பிலேயே சூட்டையும் காற்றையும் பார்த்தாகிவிட்டது. மாதக்கணக்கில் சுவை மாறாது. எப்போதாவது சாஸில் இரண்டு ஸ்பூன் ஊற்றுபவர்கள் அதையே வாங்கலாம். ஊற்றும்போது மட்டும் வாணலியை அடுப்பிலிருந்து இறக்கிக்கொள்ளுங்கள், ஆல்கஹால் ஆவி சட்டென்று தீப்பிடிக்கும்.