வார்னிஷ் கருகுகிற வாடை வந்தால் நேரம் கடந்துவிட்டது

கருங்கல் பக்கம் எங்கள் வீட்டில் ஒரு கிறிஸ்துமஸ் ராத்திரி. முற்றத்தில் குடில் கட்டி, ஹாலில் இருந்த இரண்டு ஸ்பீக்கர்களையும் வெளியே தூக்கி வைத்தேன். சத்தம் போதவில்லை. மச்சான் தன் பெரிய ஆம்ப்ளிஃபயரைக் கொண்டுவந்து மாட்டினான். ஒரு மணி நேரத்தில், கீச்சுச் சத்தம் பாடுகிற சின்ன ஸ்பீக்கர்களான ட்வீட்டர் இரண்டும் ஊமை. அப்புறம் அடிச்சத்தம் பாடுகிற பெரிய ஸ்பீக்கரான வூபர் ஒன்றிலிருந்து வார்னிஷ் கருகுகிற வாடை.

முதல் தவறு, ஸ்பீக்கரை வெளியே எடுத்ததுதான். அறைக்குள் சுவர்கள் சத்தத்தைத் திருப்பித் தரும். முற்றத்தில் அது தென்னந்தோப்புக்குள் போய்விடும். ஈடுகட்ட வால்யூமைத் திருகுவோம். காதுக்கு இரண்டு மடங்கு சத்தம் கேட்க ஏறக்குறைய 10 மடங்கு பவர் வேண்டும்: 10 வாட் ஓடுகிற இடத்தில் 100 வாட். 50 வாட் ஆம்பை மாற்றி 100 வாட் வாங்கினால் சத்தத்தை அளக்கிற டெசிபல் கணக்கில் கூடுவது வெறும் 3.

அந்த 100 வாட்டும் சத்தமாகிறதா என்றால், இல்லை. வீட்டு ஸ்பீக்கரில் ஒரு வாட் சத்தமானாலே பெரிய விஷயம். மிச்சமெல்லாம் காயிலில், அதாவது ஸ்பீக்கரின் கோனை ஆட்டுகிற செம்புக் கம்பிச் சுருளில், சூடாகத்தான் நிற்கும். 60 வாட் சால்டரிங் அயர்ன் ஈயத்தையே உருக்குகிறது. அதைவிட அதிகமான பவரை ஒரு அங்குலக் காயிலுக்குள் ஏற்றினால் என்ன ஆகும்? காயில் சூடாகும்போது அதன் ரெசிஸ்டன்ஸும் (மின்தடை) கூடி, சத்தம் லேசாக இறங்கும். உடனே நம் கை மறுபடி வால்யூமுக்குப் போகும். அன்று ராத்திரி நடந்தது இதுவேதான்.

‘சின்ன ஆம்ப்தானே, ஒன்றும் ஆகாது’ என்பது அடுத்த தவறு. திராணிக்கு மேல் கேட்டால் ஆம்ப் ஒலி அலையின் தலையை வெட்டித் தட்டையாக்கிவிடும். அப்படி வெட்டுப்படும்போது பிறக்கிற பிசிறெல்லாம் ட்வீட்டருக்குத்தான் போகிறது. அதற்குள் இருக்கும் கம்பியோ தலைமுடி மாதிரி. கத்துகிற சின்ன ஆம்பைவிட, நிதானமாக ஓடுகிற பெரிய ஆம்ப் பத்திரமானது. ஆனால் பெரியதில் வேறொரு வில்லங்கம்: ஆம்ப் கடைசிவரை சுத்தமாகவே பாடும், பிசிறு வந்து எச்சரிக்காது. காயில் காந்தத்தின் பின்தகட்டில் மோதி ‘டக் டக்’ என்ற பிறகுதான் நமக்கே தெரியும்.

பாஸ் குமிழை முழுக்கத் திருகுவதும் அதே கணக்குத்தான். 10 டெசிபல் ஏற்றினால் அந்த அடிச்சத்தத்துக்கு 10 மடங்கு பவர். பெட்டியில் காற்று போகவென்றே வைத்த ஓட்டை (போர்ட்) இருந்தால் இன்னும் மோசம். மிகத் தாழ்ந்த ஒலியில் கோனைப் பிடித்து நிறுத்த உள்ளே காற்றழுத்தம் இருக்காது.

ஸ்டிக்கரில் பெரிதாகக் காட்டும் பி.எம்.பி.ஓ. என்கிற விளம்பர வாட்டை மறந்துவிடுங்கள், தொடர்ந்து ஓடக்கூடிய பவரைச் சொல்லும் ஆர்.எம்.எஸ். மட்டும் பாருங்கள். ரெசிஸ்டன்ஸை ஓம் கணக்கில் சொல்வார்கள்; 8 ஓம் ஸ்பீக்கர் இரண்டை ஒரே டெர்மினலில் சேர்த்தால் 4 ஓம், ஆம்புக்குச் சுமை கூடும். ஆம்ப் அதைத் தாங்குமா என்று பின்பக்கம் எழுதியிருக்கும்.

சந்தேகம் வந்தால் ஆஃப் செய்துவிட்டு, வூபர் கோனை விரல்களால் எல்லாப் பக்கமும் சமமாக மெல்ல உள்ளே தள்ளுங்கள். ‘கரகர’ என்று உரசினால் காயில் வெந்து உப்பியிருக்கலாம். மீட்டரில் 8 ஓம் ஸ்பீக்கர் சுமார் 6 ஓம் காட்டும். முள்ளே அசையவில்லை என்றால் கம்பி அறுந்திருக்கிறது. குளச்சல், முட்டம் பக்கம் கடலோரத்தில் இருப்பவர்கள் கோனைச் சுற்றியுள்ள ஃபோம் வளையத்தையும் தொட்டுப் பாருங்கள். ஈரக்காற்றில் அது உளுத்து விரலில் உதிரும். அந்த நிலையில் சத்தம் கூட்டினால் ஒரே பாட்டில் கிழிந்துவிடும்.

முற்றத்துக்குச் சத்தம் வேண்டுமென்றால் மைக்செட்காரரைக் கூப்பிடுவதே லாபம். அவர் பெட்டி ஒரு வாட்டிலேயே நம்முடையதைவிட 10 டெசிபல் கூடுதலாகக் கொடுக்கும். அதுவும் ராத்திரி 10 மணிவரைதான். குடியிருப்புப் பகுதிக்குச் சட்டம் வைத்த இரவு அளவு 45 டெசிபல்.

மார்த்தாண்டத்தில் ரீகோன் (கோனையும் காயிலையும் புதிதாக மாற்றுவது) செய்த அண்ணன் பழைய காயிலை என் உள்ளங்கையில் வைத்தார். செம்பு நிறமே இல்லை, கருப்பட்டி நிறம். மச்சானின் ஆம்ப் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. வழக்கமாகப் பாட்டு விடும் போனை மாட்டி, பிசிறோ டக் சத்தமோ எட்டிப் பார்ப்பதற்கு நன்றாக முன்னாலேயே வால்யூம் குமிழ் பக்கத்தில் நெயில் பாலிஷால் ஒரு புள்ளி வைத்திருக்கிறேன். யார் வந்து பாட்டுப் போட்டாலும் அதுவரைதான்.