புகைப்பழக்கம் பற்றி மாணவர்களிடம் கேட்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

"நீ புகைபிடிக்கிறாயா?" என்று மட்டும் கேட்டுவிட்டு வருவதுதான் முதல் தவறு. எட்டாம் வகுப்பில் பெரும்பாலோர் இல்லை என்றே சொல்வார்கள், அது உண்மையாகவும் இருக்கும். நாம் கண்டுபிடிக்க வேண்டியது இன்னும் தொடாத, ஆனால் அடுத்த வருடம் தொடக்கூடிய பிள்ளையை.

அதற்கு நல்ல வழி ஒன்று இருக்கிறது. கலிஃபோர்னியாவைச் சேர்ந்த ஜான் பியர்ஸும் அவர் குழுவினரும் 1996இல் வெளியிட்ட ஆய்வில், ஒருமுறைகூடப் புகைக்காத வளரிளம் பருவத்தினரின் பதில்களை எடுத்துக்கொண்டு, நான்கு ஆண்டுகளுக்குப் பிறகு அவர்கள் என்ன ஆனார்கள் என்று பார்த்தார்கள். கேள்விகள் எளியவை: சீக்கிரம் ஒரு சிகரெட் பிடித்துப் பார்ப்பாயா? நெருங்கிய நண்பன் நீட்டினால் வாங்குவாயா? அடுத்த ஒரு வருடத்துக்குள் புகைப்பாயா?

இங்கேதான் நம்மூர் ஆய்வுகள் பெரிதாகச் சறுக்குகின்றன. 'நிச்சயமாக', 'அநேகமாக' என்று படிப்படியாக வாங்க வேண்டிய பதிலை 'ஆம், இல்லை' என்று இரண்டாக்கி விடுகிறார்கள். அல்லது 'அநேகமாக மாட்டேன்' என்று குறித்தவரையும் 'நிச்சயமாக மாட்டேன்' என்பவரோடு சேர்த்து எண்ணிவிடுகிறார்கள். எல்லாக் கேள்விக்கும் 'நிச்சயமாக மாட்டேன்' என்றவர் மட்டுமே உறுதியானவர். மற்ற எல்லோரும் ஆபத்துக்கு அருகில் இருப்பவர்கள். அந்த 'அநேகமாக'வை விட்டுவிட்டால் ஆய்வே வீண் என்பேன். பியர்ஸின் ஆய்வில், வீட்டிலோ நட்பிலோ புகைப்பவர் இருப்பதைவிட, இந்த ஊசலாட்டமே முதல் சிகரெட்டைச் சரியாக முன்னறிவித்தது. ஆனால் அது நிலையான பழக்கமாவதில் சுற்றியிருப்பவர்களுக்கே அதிகப் பங்கு இருந்தது. ஆகவே அப்பாவும் நண்பர்களும் புகைக்கிறார்களா என்பதையும் கேளுங்கள்.

அப்புறம், விழிப்புணர்வு. "புகைத்தால் புற்றுநோய் வருமா?" என்றால் யார் இல்லை என்பார்கள்? பெட்டியிலேயே அச்சடித்திருக்கிறதே. மாரடைப்பு, பக்கவாதம், பக்கத்தில் இருப்பவர் இழுக்கும் புகை, பீடியும் சிகரெட்டைப் போலவே கெடுதல் என்பது, ஆரம்பித்தால் நிறுத்துவது எவ்வளவு கடினம் என்பது, இவற்றைக் கேட்டால்தான் எது தெரியவில்லை என்று தெரியும். அதிலும் கடைசிக் கேள்வி முக்கியம். "நினைத்தால் விட்டுவிடலாம்" என்று நம்பும் பையனுக்குப் புற்றுநோய்ப் படம் பெரிதாக உறைக்காது. சொற்பொழிவு முடிந்த கையோடு அதே வினாத்தாளைக் கொடுத்து, மதிப்பெண் ஏறியதைப் பார்த்து மகிழ்வதும் வேண்டாம். அது அவர்களின் ஞாபகத்தைத்தான் காட்டும். சில மாதங்கள் கழித்துப் போய்க் கேளுங்கள்.

தாளில் பெயர், வரிசை எண் வேண்டாம். வகுப்பாசிரியர் வெளியே இருக்கட்டும். அவர் கையில் போகும் தாளில் எந்தப் பிள்ளையும் உண்மை எழுதாது.

சிகரெட்டோடு நிறுத்திவிடாதீர்கள். 2019இல் நடந்த உலகளாவிய இளையோர் புகையிலைக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் 13 முதல் 15 வயது மாணவர்களில் 8.5 சதவீதம் பேர் ஏதோ ஒரு வடிவில் புகையிலை பயன்படுத்துகிறார்கள். பீடி, ஹான்ஸ், உதட்டுக்குள் வைக்கும் பொட்டலம் என்று பிள்ளைகள் சொல்லும் பெயரிலேயே கேளுங்கள், மின்சிகரெட்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பள்ளியிலிருந்து 100 கஜத்துக்குள் புகையிலை விற்கக்கூடாது என்று 2003ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. எங்கே வாங்கக் கிடைக்கிறது என்று ஒரு கேள்வி போட்டால், அந்தச் சட்டம் உங்கள் ஊரில் எப்படி இருக்கிறது என்பதும் தெரிந்துவிடும்.

ஒன்று பாக்கி. வகுப்பறையில் எடுக்கும் கணக்கில், படிப்பை விட்டுவிட்டு ஒர்க்‌ஷாப்பிலும் செங்கல் சூளையிலும் வேலை செய்யும் பிள்ளைகள் வரமாட்டார்கள். அறிக்கைக்கு "நம் ஊர் இளைஞர்கள்" என்று தலைப்பு வைக்க நினைத்தால், அவர்களிடமும் போய்க் கேட்டுவிட்டு வையுங்கள்.